இகழ்ச்சிக் குறிப்புச் சொற்கள்

இகழ்ச்சிக் குறிப்புச் சொற்கள் என்பவை அருவருப்பு, வெறுப்பு, இகழ்ச்சி, ஒப்பாமை முதலிய உணர்வுகளை வெளிப்படுத்தப் பேச்சின் இடையிலோ தனித்தோ ஒலிக்கப்படும் சொற்கள் ஆகும். தமிழில் சீ, சிச்சீ, சே, சை, தூ, ப்பூ, உவ்வே, அடச்சீ முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இதே பணியைச் செய்த ஃபை, பிஷ், ஃபோ, பா போன்ற சொற்களுள் பெரும்பாலானவை வழக்கொழிந்து, இன்று பழைய நாடகங்களிலும் புதினங்களிலும் மட்டுமே காணப்படுகின்றன. யாரேனும் அவற்றை இப்போது பயன்படுத்தினால் அது விளையாட்டாகவே கொள்ளப்படும். தமிழ்ச் சொற்களின் நிலை அவ்வாறன்று. அவை வீட்டிலும் தெருவிலும் உயிருடன் வழங்குகின்றன. கேட்டவரைப் புண்படுத்தும் ஆற்றலும் அவற்றுக்குக் குறையவில்லை. ஆகவே ஒரு மொழியின் சொல்லுக்கு மற்ற மொழியின் சொல்லை நிகராக வைக்கும்போது பொருள் பொருந்தினாலும் கடுமை பொருந்துவதில்லை.

பெயர்

இவ்வகைச் சொற்கள் உணர்ச்சிச் சொற்கள், வியப்பிடைச் சொற்கள், ஒலிக்குறிப்புகள் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. "வியப்பு" என்ற அடைமொழி வெறுப்பைக் காட்டும் சொல்லுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இவற்றுக்கான ஆங்கிலக் கலைச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது; அதன் நேர்ப்பொருள் "இடையே எறியப்பட்டது" என்பதாகும். தமிழ் இலக்கணிகளின் "இடைச்சொல்" என்னும் பெயரிலும் "இடை" இருப்பது ஒரு தற்செயல் ஒற்றுமையே. இலத்தீன் இலக்கணத்தில் இவை தனியான ஒரு சொல்வகை. தமிழில் இடைச்சொல் என்னும் பெரிய வகையினுள் ஒரு மூலையில் இடம்பெறுபவை.

இலக்கண நூல்களில்

நன்னூல் இடைச்சொற்களை எட்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் "குறிப்பு" என்கின்றது. பொதுவாக இடைச்சொல் பெயரையோ வினையையோ சார்ந்தே நிற்கும். தனித்து நின்று பொருள் தராது. ஆனால் "சீ!" என்ற ஓரெழுத்து ஒரு முழு வாக்கியத்தின் பணியைத் தானே செய்துவிடுகின்றது. எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. கேட்பவருக்கு ஐயமும் இல்லை. பள்ளி இலக்கணப் பாடங்களில் இச்சொற்கள் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுவதற்கு இந்த ஒழுங்கின்மையும் ஒரு காரணமாகலாம்.

தொல்காப்பியத்தின் இடையியல் இவ்வகையில் சுவையான செய்தி ஒன்றைத் தருகின்றது. ஆக, ஆகல், என்பது என்னும் மூன்று சொற்களும் இரட்டித்து வரும் அசைநிலைகளாக அங்கே கூறப்படுகின்றன. இவை வரும் சூழலை உரையாசிரியர் சேனாவரையர் விளக்குகின்றார். ஒருவன் தன் பெருமையையோ பிறர் செய்தியையோ சொல்லிக்கொண்டு போகின்றான். கேட்பவன் "ஆக ஆக" என்கின்றான். அதில் உடன்பாடும் இல்லை, ஆர்வமும் இல்லை. இன்றைய பேச்சில் சலிப்புடன் சொல்லப்படும் "சரி சரி", ஏளனமாக இழுத்துச் சொல்லப்படும் "ஆமாமா" ஆகியவற்றின் மூதாதை இதுவே எனலாம். "ஆக ஆக" வழக்கொழிந்துவிட்டது. அது செய்த வேலை ஒழியவில்லை.

கலித்தொகையின் 62ஆம் பாடல், வெட்கமில்லாமல் நடந்துகொள்ளும் ஒருவனைப் பழிக்கும் "ஏஎ" என்னும் ஒலியுடன் தொடங்குகின்றது. இரு மாத்திரை நெடிலுடன் நில்லாமல் குரலை நீட்டி இகழ்வதை அளபெடையால் எழுத்தில் காட்டியிருப்பது குறிப்பிடத்தக்கது. இவ்வகைச் சொற்களில் பாதிப் பொருள் ஒலி நீட்டத்திலும் ஏற்ற இறக்கத்திலும் இருப்பதால், அவற்றை எழுத்தில் பிடிப்பது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை.

உணர்வுகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக "இளிவரல்" இடம்பெறுகின்றது. அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கினால் பிறக்கும் என்கின்றார் தொல்காப்பியர். இங்கு மென்மை என்பது நலிந்த, எளிய நிலை. நாற்றமும் அழுகலும் இந்தப் பட்டியலில் இல்லை. வடமொழி நாடக நூல்கள் கூறும் அருவருப்புச் சுவையுடன் இளிவரலை ஒப்பிடுவது வழக்கமாயினும், இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல.

சீ

இவ்வகைச் சொற்களில் மிகுதியாக வழங்குவது "சீ" ஆகும். பழைய இலக்கியத்திலும் இது உண்டு. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் 2ஆம் பாடலில், தூக்கம் கலையாத தோழியை மற்றவர்கள் கேலி செய்ய, அவள் "சீசீ" என்று அவர்களைக் கடிந்துகொள்கின்றாள். அவிநாசியில் உள்ள அவிநாசிலிங்கேசுவரர் கோயில் உட்படச் சிவன் கோயில்களில் மார்கழி வைகறையில் பாடப்படும் பதிகத்துள் இச்சொல் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அங்கு அது அருவருப்பைக் காட்டவில்லை. ஒத்த வயதுத் தோழியருக்குள் உரிமையுடன் கூறும் கடிந்துரையாக உள்ளது.

ஒற்றைச் "சீ"க்கும் இரட்டித்த வடிவங்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஒற்றையாக ஒருவரை நோக்கிச் சொன்னால் அது வசை. "சிச்சீ" என்றால் பெரும்பாலும் பொருளையோ செயலையோ குறித்த வெறுப்பு. எட்டாத திராட்சையைப் பார்த்து நரி கூறியதாகத் தமிழில் வழங்கும் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்பது பழமொழியாகவே ஆகிவிட்டது. ஈசாப்பின் கதையில் நரி பழத்தைக் காய் என்று மட்டுமே குறை கூறும். "சீச்சீ" தமிழ் நரிக்கே உரியது. அந்த ஒரு சொல்லால் கதையின் நகைச்சுவை கூடிவிட்டது. "சேச்சே" என்ற வடிவமோ இன்னும் மென்மையடைந்து, பணிவான மறுப்பாக மாறியுள்ளது. "என் மேல் கோபமா?" என்பதற்குச் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று மறுமொழி கூறினால் அதில் இகழ்ச்சி துளியும் இல்லை.

"சீ"யின் சமூக எல்லையைக் கொங்கு வழக்கு தெளிவாகக் காட்டுகின்றது. அவிநாசி, திருப்பூர், கோபிசெட்டிபாளையம் பகுதிகளில் மரியாதை விகுதியான "ங்க" ஏறக்குறைய எந்தச் சொல்லுடனும் ஒட்டும்: ஆமாங்க, இல்லீங்க, சரிங்க, ஏனுங்க, வேண்டாமுங்க. ஆனால் "சீங்க" என்று எவரும் கூறுவதில்லை. மூத்தவர் செயலை ஒப்பாதவர் "என்னங்க நீங்க", "அது சரி வராதுங்க" என்று சுற்றிச் செல்ல வேண்டும். "சீ" மேலிருந்து கீழே வீசப்படும் சொல். அல்லது சம நிலையில் இருப்பவரிடையே உறவு முறியும் தருணத்தில் வரும் சொல். அதைத் தொடர்வன பெரும்பாலும் "போடா", "போடி", "நாயே" என்பனவாகவே இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காதலனிடமோ கணவனிடமோ ஒரு பெண் "சீ... போங்க" என்பதைத் தமிழ்த் திரைப்படம் பார்த்த அனைவரும் அறிவர். மரியாதைப் பன்மை பின்னால் வந்தவுடன் சொல்லின் பொருள் வெறுப்பிலிருந்து நாணத்துக்கு மாறிவிடுகின்றது.

தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம், ஒடியா ஆகிய மொழிகளிலும் ஏறத்தாழ இதே ஒலியுடன் இதே பொருளில் இச்சொல் வழங்குகின்றது. அம்மொழிகளில் சகரம் மூச்சொலியுடன் அழுத்தமாக ஒலிக்கும். பனியன் கம்பெனிகள் எனப்படும் இப்பகுதியின் பின்னலாடை ஆலைகளில் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். தமிழ் அறியாமல் வந்து சேரும் ஒருவருக்கு "ஊசி", "நூல்" என்பவற்றைக் கற்றுத்தர வேண்டும். "சீ"யைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சீ என்ற எழுத்துக்குச் சீழ் என்ற பொருளும் உண்டு. "திரு" என்ற பொருளும் உண்டு. திருமகளைக் குறிக்கும் "சீதேவி"யில் உள்ளது பின்னது. வாழ்த்துக்கும் வசைக்கும் ஒரே ஒலி வாய்த்திருக்கின்றது.

தூ, ப்பூ, உச்சு

"தூ" உமிழும் செயலின் ஒலி. இதழ்களைக் குவித்து முன்னே தள்ளும்போது வாய் உமிழ்வதற்கான வடிவத்தை அடைகின்றது. துப்பு என்ற வினையிலும் இதே ஒலி அமைந்துள்ளது. வசையாக வரும்போது "சீ"யைவிடக் கடுமையானது. எனினும் கண்ணேறு கழிக்கும்போது உப்பையும் மிளகாயையும் சுற்றியபின் குழந்தையை மூன்று முறை "தூ" என்று துப்பச் செய்வர். அங்கே அது இகழ்ச்சியன்று. தீங்கை வெளியேற்றும் சடங்கு.

"ப்பூ" ஊதித் தள்ளும் ஒலி. "ப்பூ, இவ்வளவுதானா?" என்பதில் வெறுப்பைவிட அலட்சியமே மிகுதி. ஆங்கிலத்திலும் இதே ஒலி இதே பொருளில் உண்டு. மொழியின் தோற்றம் இத்தகைய உணர்ச்சி ஒலிகளே என்ற கருத்தை ஏற்காத மொழியியலாளர் மாக்சு முல்லர், 1861இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் அக்கருத்துக்குப் "பூ-பூ கொள்கை" என்று பெயர் வைத்தார். கொள்கையை இகழ அதன் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

நாக்கின் நுனியை மேற்பல்லின் பின்புறம் ஒட்டிச் சட்டென்று இழுக்கும்போது பிறக்கும் ஒலி இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது. இதைத் தமிழில் "உச்சுக் கொட்டுதல்" என்பர். மற்ற ஒலிகளைப் போல இது நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்றால் பிறப்பதில்லை. வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்று உள்நோக்கிப் பாய்வதால் பிறக்கின்றது. தமிழ் எழுத்து எதுவும் இதற்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா மொழிகளில் இது சொற்களுக்குள் வரும் சாதாரண மெய்யொலி. ஆங்கிலேயர் இதைக் கண்டிப்பதற்குப் பயன்படுத்தினர். எழுத்தில் "டட்" என்று எழுதி, பின்னர் எழுதியதையே சொல்லாகவும் படிக்கத் தொடங்கினர். தமிழரிடையே இதன் முதன்மைப் பொருள் இரக்கம். ஒருவர் தம் துன்பத்தைக் கூறும்போது ஆங்கில நாடகத்துப் பாத்திரம் இவ்வொலியை எழுப்பினால் அவரைக் குறைகூறுவதாகும். திண்ணையில் அமர்ந்த பாட்டி எழுப்பினால் அவருக்காக வருந்துவதாகும். மொழிபெயர்ப்பாளர் இங்கே எளிதில் தடுக்கி விழலாம்.

பொருட்சொற்களிலிருந்து பிறந்தவை

மேற்கூறியவை ஒலியாகவே பிறந்தவை. பொருளுடைய சொற்கள் தேய்ந்து உணர்ச்சிச் சொற்களாவதும் உண்டு. தமிழில் இவற்றின் பிறப்பிடத்தைப் பார்த்தால் சாவும் கோளும் முன்னிற்கின்றன. "கருமம்" என்பது வினைப்பயனையும் இறந்தவருக்குச் செய்யும் சடங்கையும் குறித்த சொல். இன்று சிந்திய குழம்பைப் பார்த்தும் "கருமம், கருமம்" என்கின்றனர். "எழவு" என்பது இழவு. "சனியன்" சனிக் கோள். கொங்குப் பகுதியில் சலிப்புக்கும் எரிச்சலுக்கும் பெரிதும் வழங்கும் "கெரகம்" என்பது கிரகத்தின் திரிபாகும். "அட கெரகமே" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளும்போது அவர் சோதிடம் எதையும் நினைப்பதில்லை. "அக்கட்டால போ" (அந்தப் பக்கம் போ) என்ற கொங்குத் தொடரும் இடத்தைச் சுட்டுவதிலிருந்து விலக்கிவைக்கும் ஒலியாகத் தேய்ந்துள்ளது. இப்பகுதிக்கே உரிய முரண் ஒன்றும் உண்டு. அவிநாசி என்ற பெயரின் பொருள் அழிவில்லாதது என்பதாகும். அவ்வூரிலும் சுற்றிலும் மிகச் சாதாரணமாகக் காதில் விழும் வசை "நாசமாப் போ".

கடவுள் பெயரும் கண்டனமாகும். "சிவ சிவா", "ராம ராமா" என்று காதைப் பொத்திக்கொள்வது கேட்கத் தகாததைக் கேட்டதன் குறி. ஆங்கிலத்தில் "டிராட்" என்ற பழைய சொல், கடவுள் அழுகச் செய்வாராக என்ற சாபத்தின் சுருக்கம் ஆகும். கடவுள் பெயரை வீணாக எடுப்பது பாவம் என்பதால் அங்கே பெயரின் பாதியை விழுங்கினர். தமிழில் பெயரை முழுமையாகவே கூறிவிடுகின்றனர்.

ஒன்றை வெற்றுப் பேச்சு என்று தள்ளுவதற்குத் தமிழர் நாடியது பெரும்பாலும் மண்ணையும் காய்கறியையுமே. மண்ணாங்கட்டி, சுண்டைக்காய், வெங்காயம் என்பன அவ்வாறானவை. "காதலாவது கத்தரிக்காயாவது" என்னும் தொடரமைப்பில் எச்சொல்லையும் இட்டு எதையும் சிறுமைப்படுத்தலாம். ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879–1973) தம் மேடைப் பேச்சில் "வெங்காயம்" என்ற சொல்லைக் கையாண்ட விதம் அச்சொல்லை அவருடன் நிலையாக இணைத்துவிட்டது. உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றுமில்லை என்பது அதன் உட்பொருள். ஆங்கிலேயர் இதே இடத்தில் பிடில் வில்லைக் குறிக்கும் "ஃபிடில்சிடிக்சு" என்ற சொல்லைப் பயன்படுத்தினர்.

ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள்

"ஃபை" என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாசரின் படைப்புகளில் உள்ளது. சேக்சுபியரின் நாடகங்களில் அடிக்கடி வருகின்றது. ஆம்லெட்டும் லியர் மன்னனும் தம் உச்சக் கசப்பில் கூறும் சொல் இது. அக்காலத்தில் அது உண்மையான கடுஞ்சொல். பின்னர் குழந்தைகளைக் கண்டிக்கும் சொல்லாகி, அதன்பின் நகைப்புக்குரியதாயிற்று. 1843இல் வெளிவந்த சார்லசு டிக்கின்சின் கிறித்துமசு குறும்புதினத்தில் கஞ்சனான சிகுரூச்சு கூறும் "பா! ஹம்பக்!" என்பதும் அவ்வாறே. கதையில் அது ஒரு மனிதனின் வறண்ட உள்ளத்தைக் காட்டிய சொல். இன்று வாழ்த்து அட்டைகளில் அச்சிடப்படும் வேடிக்கை. "ஹம்பக்" என்பதற்கு ஏமாற்று, போலி என்று பொருள். தமிழில் "ப்பூ, எல்லாம் வெறும் பம்மாத்து" என்றால் அதன் தொனி ஓரளவு கிடைக்கும்.

சேக்சுபியரைத் தமிழில் படிக்கும் மாணவருக்கு "ஃபை" என்பதற்குச் "சீ" என்றே எழுதித் தருவது முறை. ஆம்லெட்டின் வாயில் அது பொருந்தும். ஆனால் 19ஆம் நூற்றாண்டுப் புதினமொன்றில் ஓர் அத்தை தன் மருமகளைப் பார்த்துப் புன்னகையுடன் "ஃபை" என்றால் அங்கே "சீ" மிகையாகிவிடும். "போடி இவளே" என்பதே போதும்.

அகராதிகளில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) போன்ற பெரிய அகராதிகள் "சீ" முதலியவற்றை இகழ்ச்சிக் குறிப்பு என்று சுட்டுகின்றன. யார் யாரிடம் கூறலாம் என்பதை அந்த ஒரு வரி தெரிவிக்காது. வட்டாரச் சொற்களுக்குப் பின்னரே தனி அகராதிகள் தோன்றின. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது. அதற்கு முன் இப்பகுதியின் பேச்சொலியை ஓரளவு காப்பாற்றியவை புதினங்களே, ஆர். சண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்" (1942) அவற்றுள் முன்னோடி. சட், சை போன்றவை பழைய வார இதழ்க் கதைகளில் தாராளமாக உள்ளன. இளைஞர் பேச்சில் அரிதாகிவிட்டன. மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டு "இக்கும்" என நொடிப்பதும் அத்தகையதே. அது பாதி ஒலி, பாதி அசைவு என்பதால் எந்த அகராதிக்கும் முழுமையாக அகப்படாது.

அருவருப்பும் மனிதரும்

இச்சொற்களுக்கு அடிப்படையான உணர்வைச் சார்லசு டார்வின், உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அருவருப்பு முதன்மையாகச் சுவையையும் உணவையும் சார்ந்தது என்பதும், வாயிலிருந்து வெளியே தள்ளும் முகக்குறியும் ஒலியும் அதனால்தான் தோன்றின என்பதும் அவர் கருத்து. அவர் தரும் எடுத்துக்காட்டு நேர்மையானது. தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியேரா டெல் ஃபுவேகோவில் அவர் உண்டுகொண்டிருந்த பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியை அந்நிலத்து மனிதர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் மென்மை அவருக்கு அருவருப்பைத் தந்தது. அவர் தொட்டதே டார்வினுக்கு அருவருப்பைத் தந்தது. அவருடைய கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் டார்வினே பதிவு செய்கின்றார். கெட்டுப்போன உணவிலிருந்து உடலைக் காக்கும் ஓர் உணர்வு, எந்தக் கேடும் இல்லாத இன்னொரு மனிதர் மீது திரும்பிவிடுவதை இதில் காணலாம்.

தமிழகத்தில் "சீ", "தூ", "எட்டிப் போ" என்பன நெடுங்காலம் தீண்டாமையின் ஒலிகளாகவும் இருந்துள்ளன. அந்த உணர்வு ஒலியின்றியும் வெளிப்படும். 2018 சூலையில் அவிநாசி வட்டத்தைச் சேர்ந்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் சிலர் எதிர்த்தனர். அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். கண்டனம் எழுந்தபின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்பட்டது.

1989ஆம் ஆண்டின் அச்சட்டம் எந்தச் சொல்லையும் பெயர் குறித்துத் தடை செய்யவில்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ இழிவுபடுத்தும் எண்ணத்துடன், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் வேண்டுமென்றே அவமதிப்பதை அது குற்றமாக்குகின்றது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாதிப் பெயரால் வைவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. "சீ" என்ற சொல் மட்டும் இதனுள் அடங்காது. யார், யாரை நோக்கி, எங்கே, எந்த எண்ணத்துடன் அதைக் கூறினார் என்பதை நீதிமன்றம் பார்க்கும்.